மெழுகுக்குள் அம்மா

மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லாரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டுகளை மெழுகில் புதைத்துக் கட்டியாக்க வேண்டும். அந்தக் கட்டியைச் சீவல் இயந்திரத்தில் பூட்டி, மூச்சுப் பட்டாலே பறந்துவிடும் அளவுக்கு மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி, சாயமிட்டு டாக்டர் மேசைக்கு அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. புதிதாக வந்தவர்கள் சீவினால் சீவல் கிழியும், சுருளும். அவள் கைப்பிடியைச் சுற்றினால் ரிப்பன் மாதிரி நீளமாக இறங்கும்.

"அக்கா, இந்த மிஷினுக்கு என்ன சொக்குப்பொடி போட்டீங்க?" என்று கேட்பார்கள்.

"திட்டாம இருந்தா போதும், அதுவே நல்லா நடந்துக்கும்" என்பாள்.

நாற்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒன்றிரண்டு இடம் வந்தது. வீட்டில் யார் யார் எப்படிப் போனார்கள் என்று விசாரித்ததும் வந்த வழியே திரும்பிவிட்டது. வயதான அப்பாவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். இரண்டு தெரு தள்ளித் தங்கையின் வீடு.

கூடத்தில் எல்லாருக்கும் அவளைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் புரிந்ததே இல்லை. பழைய மெழுகுக் கட்டிகளை வருஷவாரியாக அடுக்கி வைத்திருக்கும் கீழ்த்தளத்துக்கு அவள் வாரம் இரண்டு தடவையாவது போவாள். ஆனால் இடது சுவரோரம் இருக்கும் ஓர் அலமாரி வரிசைப் பக்கம் மட்டும் போகமாட்டாள். அங்கிருந்து ஏதாவது வேண்டுமென்றால், "முட்டி வலிக்குது, குனிய முடியாது. நீங்க போய் எடுங்களேன்" என்று யாரையாவது கெஞ்சுவாள். அந்த வரிசையில் கீழிருந்து மூன்றாவது இழுப்பறையில் அவளுடைய அம்மா இருந்தாள்.

முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில்தான் அம்மாவின் மார்பை அறுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் கண்ணில் அம்மாவின் பெயரும் மெழுகுக் கட்டியின் எண்ணும் பட்டன. பதிவேட்டை மூடிவிட்டாள். ஆனால் எண் மண்டையில் ஏறிவிட்டது. சம்பளச் சீட்டில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அந்த எண்தான் அதற்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அம்மாவை அடக்கம் செய்த இடத்துக்கு அவள் போய்ப் பல வருஷம் ஆகிறது. அங்கே அம்மா இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. இங்கே, காலடிக்குக் கீழே, இருட்டில் இருப்பதாகத்தான் தோன்றும்.

முதலில் போனது அண்ணன். பதினொரு வயது. முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றான். பந்து விளையாடி அடிபட்டிருக்கும் என்று தைலம் தேய்த்தார்கள். எலும்பில் புற்று என்று தெரிந்தபோது காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஊன்றுகோலை டக் டக்கென்று ஊன்றிக்கொண்டு ஏழு மாதம் வீட்டைச் சுற்றி வந்தான். அப்புறம் அதுவும் நின்றது. அவளுக்கு அப்போது எட்டு வயது. அந்த வருஷம்தான் தங்கை பிறந்தாள். அடுத்த இரண்டாம் வருஷம் அம்மா. அம்மாவுக்கு முப்பத்து மூன்று வயதுதான். அதற்கப்புறம் அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, மூளையில் கட்டி வந்து போனாள்.

அண்ணன் போன பிறகும் ஊன்றுகோல் சத்தம் நிற்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கும். அப்பா கையை அப்படியே நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்வார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். ஒருவரும் ஒருவரிடமும் எதுவும் சொன்னதில்லை. அம்மாவும் போனதும் அப்பா வீட்டை மாற்றினார். கட்டில், கண்ணாடி எதையும் எடுத்துவரவில்லை. புது வீட்டிலும் சத்தம் கேட்டது. மறுபடி மாற்றினார். நாலாவது வீட்டில் ஒருநாள் அவளைப் பார்த்து, "அது வீட்டுல இல்லம்மா. நம்ம கூடவே வருது" என்றார். அதோடு வீடு மாற்றுவதை விட்டுவிட்டார்.

எது கூட வருகிறது என்பது பற்றி அப்பாவுக்குத் தெளிவான எண்ணம் இருந்தது. அவர் பெயின்ட் கம்பெனியில் கலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். தலையிலிருந்து கால்வரை தின்னர் நாற்றத்தோடு வீடு திரும்புவார். அந்தச் சட்டையோடு பையனைத் தூக்கியிருக்கிறார். அந்தச் சட்டையை அம்மாதான் துவைத்திருக்கிறாள். தன் உடம்பில் ஒட்டிவந்த விஷம்தான் பையனைத் தின்றது என்று அவன் போனபோதே அவர் முடிவு கட்டிவிட்டார்; அம்மாவும் போனதும் அது உறுதியாயிற்று. வேலையை விட்டார். இருந்த சட்டைகளையெல்லாம் எரித்தார். பின்பக்கக் குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். கைக்குழந்தையாக இருந்த தங்கையை அவர் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டால், கையில் ஈரப் பெயின்ட் இருக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்வார். காரணம் பெரியவளுக்குத் தெரியும். சின்னவளிடம் சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டே தங்கை வளர்ந்து, படித்து, கட்டிக்கொண்டு போய், ஒரு பெண்ணுக்கும் தாயானாள்.

அந்தத் தங்கைக்குத்தான் முப்பத்தாறாவது வயதில் மார்பில் கட்டி வந்தது. சின்னதுதான், கட்டியை மட்டும் எடுத்தால் போதும், பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். எடுத்தார்கள். கதிர்வீச்சு ஒரு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மெழுகக்கா ஒரு தட்டு நிறைய ஸ்லைடுகளை டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். டாக்டரம்மா போனில் யாரிடமோ வேறொரு நோயாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"வயசு இருபத்தொன்பதுதானே? பி ஐம்பத்து மூணு அடர்த்தியா ஏறியிருக்கு. அவங்க வீட்டுல சின்ன வயசுல யாராவது போயிருக்காங்களான்னு கேளுங்க. அப்படி இருந்தா ரத்தத்தைப் பாக்காம ரேடியேஷன் கொடுத்துடாதீங்க. காப்பாத்தறோம்னு நாமளே இன்னொரு கட்டியை வரவெச்ச மாதிரி ஆயிடும்."

தட்டை வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

பி ஐம்பத்து மூன்றைத் தேடும் சாயத்தை அவள் ஆயிரக்கணக்கான தடவை போட்டிருக்கிறாள். பெயர்கூட இல்லாத ஒரு புரதம், வெறும் எண்தான். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது, செய்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கிறது. அதனால் நல்ல சதையில் அது இருக்கிற இடமே தெரியாது. வெயிலோ கதிர்வீச்சோ மூச்சுக்காற்றுக் குறைவோ உயிரணுவை வாட்டும்போதுதான் அழிப்பது நிற்கும். புரதம் சேர்ந்து உட்கருவுக்குள் போய், சேதம் சரியாகும்வரை அந்த அணுவைப் பெருகவிடாமல் நிறுத்திவைக்கும். சரிசெய்யவே முடியாத சேதம் என்றால் அணுவைச் சாகவைத்துவிடும். புற்று வராமல் ஆயுசு முழுக்க நம்மைக் காப்பது பெரும்பாலும் இந்த நிறுத்தமும் சாவும்தான்.

அந்தப் புரதமே கோணலாக உருவானால் நிறுத்தவும் தெரியாது, சாகவைக்கவும் தெரியாது. தன்னை அழிக்க வேண்டிய இன்னொரு புரதத்தைக்கூட அதனால் வரவழைக்க முடியாது. வெறுமனே குவிந்து கிடக்கும். அங்கே சாயம் கெட்டிப் பழுப்பாக ஏறும். சிலருக்கு அந்தக் கோணல் புற்றுக்கட்டியில் மட்டும்தான். சிலருக்குக் கருவிலேயே வந்துவிடுகிறது, உடம்பின் எல்லா அணுவிலும். அப்படிப்பட்ட உடம்பில் கதிர்வீச்சு பட்டால், அடிபட்ட அணுக்களை நிறுத்த ஆளில்லை.

இதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். தன் வீட்டோடு சேர்த்துப் பார்க்கத்தான் பத்தொன்பது வருஷமாகத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா என்று அவள் பிற்பாடு தன்னையே கேட்டுக்கொண்டது உண்டு.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. எல்லாரும் கிளம்பிய பிறகு கீழ்த்தளத்துக்குப் போனாள். இடது சுவர். கீழிருந்து மூன்றாவது. டாக்டரின் சீட்டு இல்லாமல் யாரும் ஒரு கட்டியையும் தொடக்கூடாது என்பது விதி. அதை மற்றவர்களுக்கு ஓதுகிறவளே அவள்தான். இழுப்பறை துருப்பிடித்து அடம்பிடித்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததும் திடீரென்று வந்து, வயிற்றில் இடித்தது.

கட்டி தீப்பெட்டி அளவுகூட இல்லை. மெழுகு மஞ்சள் பூத்திருந்தது. நடுவில் விரல்நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் சதை. ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த இருட்டில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

மேலே கொண்டுவந்து ஐஸில் வைத்து, இயந்திரத்தில் பூட்டினாள். பழைய மெழுகு, நொறுங்கிற்று. இந்த மாதிரி நேரத்தில் கட்டிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் இரண்டு மூச்சு ஊதினால் மெழுகு கொஞ்சம் இளகும். தினமும் நூறு கட்டிக்கு அப்படி ஊதுகிறவள்தான். அன்று வாயைக் கிட்டே கொண்டுபோனவள் பின்வாங்கினாள். அம்மாவுக்கு இவ்வளவு பக்கத்தில் போய் முப்பத்து நாலு வருஷம் ஆயிற்று. "அம்மா, கொஞ்சம்தான் எடுப்பேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு ஊதினாள். ரிப்பன் இறங்கியது.

தண்ணீரில் விட்டபோது சீவல் சுருக்கம் நீங்கி மெல்ல விரிந்தது. ஸ்லைடில் ஏற்றி, அடுப்பில் காயவைத்து, சாயம் பிடிப்பதற்காகக் குக்கரில் வேகவைத்து, மருந்தைச் சொட்டிக் காத்திருந்தாள். கூடத்தில் ஆளே இல்லை. பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவை திரும்பவில்லை. நிற்கிறவர் நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாயம் ஏறியதும் நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள். நீலத்துக்கு நடுவில் பழுப்பு. ஒன்றிரண்டு புள்ளி இல்லை. ஓர் உட்கரு விடாமல், கெட்டியாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை. யாரோ ஓர் ஆளுடைய ஸ்லைடாக இருந்திருந்தால், சாயம் நன்றாக ஏறியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.

"யாரோடது அக்கா?"

டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மறந்து வைத்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தவர். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"எங்கம்மாவோடது."

டாக்டரம்மா வந்து உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்தார். நிமிர்ந்து, "சீட்டு இல்லாம எடுத்தது தப்பு" என்றார். "தப்புதான், டாக்டர்." "சரி, அதைத் திங்கட்கிழமை திட்டிக்கறேன். வீட்டுல வேற யாரு?"

சொன்னாள். அண்ணன், பதினொன்று, கால் எலும்பு. சித்தி, மூளை. தங்கை, முப்பத்தாறு, மார்பு. எழுதிக்கொண்டே வந்த டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"தங்கச்சிக்கு ரேடியேஷன் எப்போ?"

"நாளன்னிக்கு."

"இந்த ஸ்லைடை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது அக்கா. புற்றுக்கட்டியில மட்டும்கூட இருக்கலாம். ரத்தம் பாத்தாத்தான் உறுதி. ஆனா இந்தக் குடும்பக் கதையைக் கேட்டப்புறம் நான் சும்மா இருக்க முடியாது." அங்கேயே கதிர்வீச்சு டாக்டருக்குப் போன் போட்டுத் தள்ளிவைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையை வீட்டுக்கு வரச்சொன்னாள். அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். முடிந்ததும் தங்கை வெடித்தாள்.

"உனக்குப் பைத்தியமா அக்கா? ஒரு மாசமா ஊசியும் கத்தியுமா அல்லாடி, நாளைக்கு ஆரம்பிக்கலாம்னு மனசைத் தேத்தி வெச்சிருக்கேன். செத்துப்போனவங்களை எழுப்பிக் கேட்டுட்டு வந்து வேண்டாங்கறே?"

"வேண்டாம்னு சொல்லல. ரத்தம் பாக்கற வரைக்கும் பொறு. இருக்குதுன்னா மார்பை முழுசா எடுத்துட்டா ரேடியேஷன் தேவைப்படாமலே போகலாங்கறாங்க. அது அம்மாகிட்டேருந்து நமக்கு வந்திருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"யாருகிட்டேருந்து?" என்றார் அப்பா. இருவரும் திரும்பினார்கள். "யாருகிட்டேருந்து வந்துதுங்கறே?"

"அம்மாகிட்டேருந்துப்பா. அம்மாவுக்கே தெரியாது. அவங்களுக்கும் அவங்க அப்பாவோ அம்மாவோ கொடுத்ததுதான். சித்தியும் அதனாலதான் போயிருப்பாங்க. உங்க கம்பெனியால இல்ல. உங்க சட்டையால இல்ல."

முப்பத்தாறு வருஷப் பாரத்தை இறக்கிவைக்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். அப்பா எழுந்து நின்றார்.

"அவ மேல போடாதே. பெத்த பிள்ளைக்கு அவ கொடுத்தாளா? அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம். இத்தனை வருஷம் நான்தான் சுமந்தேன். என்கிட்டயே இருக்கட்டும்."

"என்ன சட்டை? என்ன கம்பெனி?" என்றாள் தங்கை. அவள் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. மெல்ல, "அப்பா, என்னை ஒரு தடவைகூட ஏன் தூக்கல?" என்று கேட்டாள்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கையில இருந்தது."

"என்ன இருந்தது?"

"விஷம்."

தங்கை எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். "சோப்பு வாசனைதான்ப்பா வருது" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவரும் அழுதார். ஆனாலும் அந்தக் கையை அவள் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டார். முப்பத்தாறு வருஷப் பழக்கம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஐந்து வாரம் ஆயிற்று. தங்கைக்கு இருந்தது. மார்பை முழுவதும் எடுத்தார்கள். கதிர்வீச்சு இல்லாமலே சமாளித்தார்கள். அந்த அறுவையிலிருந்து வந்த சதையை வேறு யாரையும் தொடவிடாமல் மெழுகக்காவே மெழுகில் புதைத்தாள்.

அவளுடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். அவளுக்கு இல்லை.

டாக்டரம்மா அதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். அவளும் சிரித்தாள். திரும்பி வந்து, சுத்தமாக இருந்த சாயத் தட்டுகளை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். அம்மா, அண்ணன், தங்கை மூன்று பேரும் ஒரு பக்கம். அவள் மட்டும் அப்பாவோடு இந்தப் பக்கம். சின்ன வயதில் கோபம் வந்தால் அண்ணன், "உன்னைக் குப்பைத் தொட்டியிலேருந்து எடுத்துட்டு வந்தாங்க" என்று சீண்டுவான். அது நினைவுக்கு வந்தது. கையைத் தேய்க்கத் தேய்க்க, தான் குழாயடியில் நிற்கும் அப்பா மாதிரியே நிற்பது உறைத்ததும் தண்ணீரை நிறுத்தினாள்.

அப்பா இரண்டு வருஷம் கழித்து நெஞ்சடைப்பில் போனார். கடைசிவரை அவர் நம்பவில்லை. நம்பினாரோ என்னவோ, ஒப்புக்கொள்ளவில்லை.

தங்கை தன் மகளுக்குப் பரிசோதனை வேண்டாம் என்று ஒரு வருஷம் பிடிவாதமாக இருந்தாள். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்? அவ பாட்டுக்கு விளையாடட்டும்." டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: தெரிந்தால் வருஷா வருஷம் தேடிப் பார்க்கலாம், சின்னதிலேயே பிடித்துவிடலாம். ஒருநாள் அந்தக் குழந்தை முழங்கால் வலிக்கிறது என்றாள். வெறும் சிராய்ப்புதான். ஆனால் அன்று சாயங்காலமே தங்கை அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, "எடுத்துக்கோங்க ரத்தம்" என்று கையை நீட்டவைத்தாள். அந்தக் குழந்தைக்கும் இருந்தது.

இப்போது அவளுக்குப் பதினாலு வயது. தங்கை நன்றாக இருக்கிறாள். வேலைக்கும் போகிறாள். எதற்கெடுத்தாலும் சண்டைக்கும் வருகிறாள். மகளின் ஸ்கேன் நாளன்று மட்டும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அதனால் கூட்டிக்கொண்டு போவது பெரியம்மாவின் பொறுப்பு. கதிர்வீச்சு இல்லாத, காந்தத்தால் பார்க்கிற இயந்திரம்தான் அந்தப் பெண்ணுக்கு. தலையிலிருந்து கால்வரை வருஷத்துக்கு ஒரு தடவை. ஒலியலையால் எடுக்கும் வயிற்றுப் படம் அடிக்கடி.

போன தடவை காத்திருப்பு அறையில் மருத்துவமனை அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். அங்கி பெரிதாக இருந்தது. தோள் ஒரு பக்கம் நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"பெரியம்மா, உனக்கு இல்லையாமே?"

"யார் சொன்னது?"

"அம்மாதான்."

"ஆமா. எனக்கு இல்ல."

"அதை ஏன் ஏதோ தப்பு பண்ணிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி சொல்றே?"

மெழுகக்கா நழுவிய அங்கியை அவள் தோளில் ஏற்றிவிட்டாள். பெண் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மெல்லிய வளையலைக் கழற்றி, "உலோகம் ஆகாதாம், வெச்சிரு. தொலைச்சிடாதே" என்று நீட்டினாள். நர்ஸ் வந்து கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் இயந்திரம் சுவருக்கு அப்பால் டக் டக்கென்று தட்டத் தொடங்கியது. மெழுகக்கா வளையலைக் கையில் மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை படத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த வருஷத் தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.